ஹிப்சிலோஃபோடான் அரை அளவு ரெசின் செட்: எலும்பு சரி, கையேடுதான் பழசு

ஹிப்சிலோஃபோடான் ஒரு டைனோசர். நிஜ விலங்கு சுமார் 1.8 மீட்டர் நீளம். அதன் எலும்புக்கூட்டை ரெசின் துண்டுகளாகத் தரும் இந்தச் செட்டைக் கட்டி முடித்தால் 90 சென்டிமீட்டர் வரும். கொடுத்த காசு மண்டையோட்டிலேயே தேறிவிடுகிறது. மேல்தாடையின் நுனியில் பல் இல்லாத அலகு விளிம்பு, அதை ஒட்டிப் பக்கத்துக்கு 5 முன்பற்கள், பின்னால் சற்று உள்தள்ளி அரைக்கும் பற்கள். கீழ்த்தாடைப் பற்களின் உட்பக்கத்தில் ஓடும் நடு வரப்பு நகத்துக்குத் தட்டுப்படுகிறது. 1849ல் இங்கிலாந்தின் வைட் தீவில் கிடைத்த எலும்புக்கூட்டை விலங்கியலாளர் ரிச்சர்ட் ஓவன் 1855ல் இகுவானோடான் என்ற வேறொரு டைனோசரின் குட்டி என்றே விவரித்தார். வில்லியம் ஃபாக்ஸ் பாதிரியார் கண்டெடுத்த மண்டையோட்டை வைத்து 1869ல் உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி இதைத் தனி விலங்கு என்று பிரித்தார். அந்த மண்டையோட்டில் கோட்டை விட்டிருந்தால் செட்டுக்கே அர்த்தமில்லை.

இடுப்பில் நிதானம் வேண்டும். ஒல்லியான குச்சி போல வரும் பூப்பெலும்பு பின்பக்கமாகச் சாய்ந்து, இருக்கை எலும்பை ஒட்டியே போக வேண்டும். பறவைகளுக்கு இருப்பது போன்ற இந்த அமைப்பைத்தான் ஹக்ஸ்லி 1870ல் எடுத்துக்காட்டினார். அதே எலும்பில் முன்னால் நீளும் தட்டையான பகுதியைப் பார்த்து, முழுத் துண்டையும் திருப்பி ஒட்டிவிடுவது சுலபம். பசை தொடுமுன் காய்ந்த நிலையில் ஒருமுறை பொருத்திப் பாருங்கள்.

கோளாறு பாதத்தில். கையேட்டுப் படத்தில் முதல் விரல் கிளையைப் பற்றுவது போலப் பின்னால் திரும்பியிருக்கிறது. இந்த விலங்கு மரமேறி வாழ்ந்தது என்று 1912ல் தொல்லுயிரியலாளர் ஓத்தேனியோ ஆபெல் சொன்ன கதை இது. இன்னொரு தொல்லுயிரியலாளர் பீட்டர் கால்டன் அதை 1971லேயே மறுத்தாயிற்று. வேடிக்கை என்னவென்றால், வார்ப்பு செய்தவருக்கு இது தெரிந்திருக்கிறது. விரலடி முளையின் ஒரு பக்கம் தட்டை. முன்னோக்கி வைத்தால் மட்டும் குழிக்குள் சொடுக்கென்று உட்காரும். படத்தை நம்பி முளையை அரத்தால் ராவினால் மூட்டு தொளதொளவென்று ஆகிவிடும், பிறகு எப்பாக்ஸி வைத்து அடைப்பதைத் தவிர வழியில்லை.

வால் பெரும்பாலும் வளைந்தே வருகிறது. கொதிநீரில் போடாதீர்கள், மெல்லிய முள்நீட்சிகள் துவண்டுவிடும். கை பொறுக்காத சூட்டில் ஓரிரு நிமிடம் முக்கி, நேராக்கி, அப்படியே பச்சைத் தண்ணீரில் பிடித்தால் போதும். எலும்பாக இறுகிய தசைநாண்கள் பின்வாலை விறைப்பாக வைத்திருந்தன, ஆகவே தொங்கவிட்டால் தப்பு.

துண்டுகளைப் பாத்திரம் கழுவும் சோப்பில் தேய்த்துக் கழுவாவிட்டால், அச்சிலிருந்து கழற்றப் பூசிய எண்ணெய் ஒட்டியிருந்து பெயின்ட் உரியும். தேய்ப்பது 400 நம்பர் உப்புத்தாளில், நனைத்து, மாஸ்க் போட்டுக்கொண்டு. விலா எலும்புக்கு சூப்பர் க்ளூ போதும். இடுப்புக்கும் தொடைக்கும் எப்பாக்ஸிதான் தாங்கும்.

அடிப்பலகையின் துளை இடுப்புக்கு நேராக இல்லாமல் முன்தள்ளி இருப்பதால், நிறுத்தினால் வால் பாரத்தில் பின்னால் சாய்கிறது. இடுப்புக்கு நேர் கீழே வேறு துளை போட்டுக்கொள்ளுங்கள்.