தண்டையார்பேட்டை வீட்டில் ஒரு 180 ஹெர்ட்ஸ் மானிட்டர்

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் காரணம். 27 அங்குலம், 2560க்கு 1440 புள்ளி ரெசல்யூஷன் (சுருக்கமாக 1440பி), ஐபிஎஸ் என்ற ரகத் திரைப் பேனல், 180 ஹெர்ட்ஸ், அதாவது ஒரு செகண்டுக்கு 180 முறை படம் மாறும். இந்த நான்கும் சேர்ந்த மானிட்டர் இப்போது இருபதாயிரம் ரூபாய்க்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது. கேம் ஆடுகிறவர்களுக்கு அந்தக் காசுக்கு இதைவிட நல்ல பொருள் ஒன்றை என்னால் சிபாரிசு செய்ய முடியாது. ஆனால் பெட்டியைப் பிரித்து ஒயரைச் சொருகி சுவிட்சைப் போட்டவுடன் தெரிகிற படத்தைப் பார்த்து இதை எடை போடாதீர்கள். நீங்கள் காசு கொடுத்த படத்தை வரவழைக்க ஒரு சாயங்காலம் பொறுமையாக உட்கார வேண்டும். கடையில் இதை யாரும் சொல்லித்தருவதில்லை, பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்திலும் இருப்பதில்லை, அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

எந்தக் கம்பெனி என்று கேட்பீர்கள். இந்த விலையில் வருகிற மானிட்டர்கள் எல்லாம் ஒரே வீட்டு அண்ணன் தம்பிகள் மாதிரிதான். பேனல் செய்கிற தொழிற்சாலைகள் கொஞ்சம்தான் இருக்கின்றன, அவர்களிடம் வாங்கித்தான் பல கம்பெனிகள் தங்கள் சட்டத்தில் மாட்டி விற்கின்றன. அதனால் ஒரு மாடலைப் பற்றி எழுதுவதைவிட இந்த ரகத்தைப் பற்றி எழுதுவது நிறைய பேருக்கு உதவும்.

பெரம்பூரில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவன் இதே ரகத்தில் ஒன்று வாங்கினான். தவணையில்தான். சில வாரம் கழித்து அவன் வீட்டுக்குப் போனபோது, "இன்னாண்ணா, 180ன்னு சொன்னாங்க, பழசுக்கும் இதுக்கும் பெருசா ஒண்ணும் தெரியலையே" என்றான். மவுஸை ஒரு சுற்று சுற்றிப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, ஓடிக்கொண்டிருந்தது 60 ஹெர்ட்ஸ். அவன் மேல் தப்பே இல்லை. விண்டோஸ் பல சமயம் புது மானிட்டரை 60லேயே எழுப்பிவிடும், நாம்தான் போய் மாற்ற வேண்டும். செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் டிஸ்ப்ளே, அதற்குள் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே, அங்கே ரெஃப்ரெஷ் ரேட் என்ற இடத்தில் 180ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவ்வளவுதான். அவன் மவுஸை நகர்த்திப் பார்த்துவிட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

என்ன நடக்கிறது என்றால், 60 ஹெர்ட்ஸில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 16.7 மில்லி செகண்ட் ஆகிறது, 180ல் 5.6. ஷூட்டிங் கேமில் சுவர் ஓரத்திலிருந்து எதிரி எட்டிப்பார்ப்பது உங்கள் கண்ணுக்கு அந்த அளவுக்கு முன்னால் வந்து சேர்கிறது. 60லிருந்து 144க்குப் போகும்போது யாருக்கும் வித்தியாசம் தெரியும். 180லிருந்து 240க்குப் போனால் மிச்சமாவது 1.4 மில்லி செகண்ட், போட்டிகளுக்குப் போகிற ஆள் இல்லையென்றால் அதற்கு மேல்காசு கொடுக்கவேண்டாம் என்பேன்.

அந்த ரெஃப்ரெஷ் ரேட் இடத்தில் 180 என்ற எண்ணே தெரியவில்லை என்றால் ஒயரைப் பாருங்கள். டிஸ்ப்ளேபோர்ட் ஒயர்தான் போட வேண்டும், போர்ட் 1.4 ஆக இருந்தால் 1440பியில் 180 தாராளமாக ஓடும். எச்டிஎம்ஐ 2.0 என்றால் 144 பக்கம் நின்றுவிடும், பழைய எச்டிஎம்ஐ 1.4 என்றால் 75ஐத் தாண்டாது. செட்டாப் பாக்ஸுக்கு வந்த ஒயரை எடுத்து இதில் மாட்டிவிட்டு மானிட்டர் மோசம் என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, ஒயரைக் கிராபிக்ஸ் கார்டில் சொருகுங்கள், மதர்போர்டில் மேலே இருக்கும் போர்ட்டில் வேண்டாம். அதில் சொருகினால் பல கம்ப்யூட்டர்களில் பிராசசருக்குள் இருக்கும் சின்ன கிராபிக்ஸ்தான் வேலை செய்யும், இருபத்தைந்தாயிரம் கொடுத்து வாங்கிய கார்டு பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்.

எங்கள் வீட்டுக்கு வருகிற பையன்களில் வியாசர்பாடி கிரவுண்டில் நிஜமாகவே கால்பந்து ஆடுகிறவர்கள் உண்டு. அவர்கள் வந்தால் இஏ எஃப்சி என்ற கால்பந்து கேம்தான், வேறு எதையும் தொடமாட்டார்கள். பாதி மைதானம் தாண்டி நீளமாக ஒரு பாஸ் போகும்போது கேமரா பக்கவாட்டில் ஓடும் பாருங்கள், 60ல் புல்லும் ஜெர்ஸி எண்ணும் கரைந்துபோய்விடும். 180ல் அந்த எண்ணைப் படிக்க முடிகிறது. பந்து ஆடத் தெரிந்தவன் கண்ணுக்கு இது உடனே படுகிறது, நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்தது ஓவர்டிரைவ், திரையின் புள்ளிகள் நிறம் மாறுகிற வேகத்தைக் கூட்டுகிற வசதி, மானிட்டரின் மெனுவில் இருக்கும். பெட்டியில் பெரிதாக 1 மில்லி செகண்ட் என்று போட்டிருப்பார்கள் இல்லையா, அந்த எண் பெரும்பாலும் ஓவர்டிரைவை உச்சத்தில் வைத்தால் மட்டுமே வருகிறது. உச்சத்தில் வைத்தால் நகர்கிற பொருளுக்குப் பின்னால் வெளிறிய நிழல் ஒன்று வால் மாதிரி தெரியும், பார்க்கவே சகிக்காது. நடுவில் இருப்பதை வையுங்கள், கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும், மூன்று நிலை இருந்தால் இரண்டாவது. டெஸ்ட் யுஎஃப்ஓ என்ற இணையதளத்தைத் திறந்தால் ஒரு பறக்கும் தட்டு ஓடிக்கொண்டிருக்கும், அதன் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு நிலையாக மாற்றிப் பாருங்கள். பேனலுக்குள் இருக்கும் லிக்விட் கிறிஸ்டல் குளிரில் மெதுவாகத் திரும்பும் என்பதால் குளிர் நாடுகளில் ஆன் செய்து கொஞ்ச நேரம் காத்திருக்கச் சொல்வார்கள். நம் ஊருக்கு அந்தக் கவலை இல்லை, மார்கழியில்கூட.

அடாப்டிவ் சிங்க் என்று ஒன்று மானிட்டரின் மெனுவுக்குள் இருக்கும், ஃப்ரீசிங்க் என்றும் எழுதியிருப்பார்கள். அதை ஆன் செய்தால் கார்டு எப்போது படம் தருகிறதோ அப்போது மானிட்டர் காட்டும், படம் நடுவில் கிழிந்த மாதிரி தெரிவது நின்றுவிடும். என்விடியா கார்டு வைத்திருப்பவர்கள் இது ஏஎம்டிக்கு மட்டும்தான் என்று இன்னும் நினைக்கிறார்கள், 2019 ஜனவரியிலேயே என்விடியாவும் இதற்குக் கதவைத் திறந்துவிட்டது. மானிட்டரில் ஒரு முறை, என்விடியா கன்ட்ரோல் பேனலில் ஒரு முறை, இரண்டு இடத்திலும் ஆன் செய்யுங்கள். கேமுக்குள் ஃப்ரேம் ரேட்டை, அதாவது கார்டு ஒரு செகண்டுக்குத் தருகிற படங்களின் எண்ணிக்கையை, 180க்குக் கொஞ்சம் கீழே, 175 பக்கம் கட்டிவையுங்கள். 180ஐ முட்டினால் அடாப்டிவ் சிங்க் கைவிட்டுவிடும்.

எச்டிஆர், அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டுகிற வசதி? அணைத்துவிடுங்கள். பெட்டியில் எச்டிஆர் 400 என்று ஸ்டிக்கர் இருந்தாலும் சரி. பின்விளக்கைப் பகுதி பகுதியாகக் குறைக்கிற வசதி இல்லாத மானிட்டரில் எச்டிஆர் போட்டால் விண்டோஸ் டெஸ்க்டாப் சாயம் போன சட்டை மாதிரி ஆகிவிடும், இருட்டுக் காட்சியில் கறுப்பு சாம்பலாகும். இந்த விலையில் உண்மையான எச்டிஆர் கிடையாது. அதை எதிர்பார்த்து வாங்காதீர்கள்.

இனி கேமைத் தாண்டி ஒரு விஷயம், எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது. இதில் தமிழ் படிக்க அவ்வளவு நன்றாக இருக்கிறது. 27 அங்குலத்தில் 1080பி (1920க்கு 1080 புள்ளி) வாங்கினால் ஒரு அங்குலத்துக்கு 82 புள்ளிகள்தான் வரும், அதில் சின்ன எழுத்தில் ன, ண இரண்டின் சுழியும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும், ஞா எது ஞ எது என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும். ஆங்கில எழுத்துக்கு அது தாங்கும், வளைவும் சுழியுமாக இருக்கும் நம் எழுத்துக்குத் தாங்காது. 1440பியில் அதே அங்குலத்துக்கு 109 புள்ளிகள், சுழி ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கிறது. காலையில் அப்பா இதில்தான் இ-பேப்பர் படிக்கிறார். 27 அங்குலத்தில் 1080பி மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது தள்ளிவிடப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

வடசென்னை வீடுகளுக்கு என்று தனியாகச் சில விஷயங்கள் இருக்கின்றன. நம் வீடுகளில் இடம் கம்மி. மேசை ஒன்றரை அடி அகலம் இருந்தாலே பெரிது, இந்த மானிட்டரின் ஸ்டாண்டு மட்டும் அதில் பாதியைத் தின்றுவிடும். கண்ணுக்கும் திரைக்கும் இரண்டு அடியாவது வேண்டும், இல்லையென்றால் ஓரங்களைப் பார்க்கத் தலையைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டிவரும், கழுத்து வலிக்கும். பின்பக்கம் 100க்கு 100 மில்லிமீட்டரில் நான்கு ஸ்குரூ ஓட்டைகள் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள், இருந்தால் சுவரிலோ, மானிட்டரைத் தாங்குகிற இரும்புக் கையிலோ (மானிட்டர் ஆர்ம்) மாட்டிக்கொள்ளலாம். மேசையோடு இறுக்குகிற மானிட்டர் கை வாங்கினால், அமுக்கிய மரத்தூள் பலகை மேசையில் அப்படியே இறுக்காதீர்கள், பலகை பொடிந்துவிடும். மரக்கடையில் ஒரு துண்டு பிளைவுட் வாங்கி மேலும் கீழும் வைத்து இறுக்குங்கள். டியூப்லைட் நேர் பின்னால் இருக்கிற மாதிரி மானிட்டரை வைத்தால் இருட்டுக் காட்சியில் டியூப்லைட்தான் தெரியும்.

எர்த் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பழைய வீடுகளில் மூன்று ஓட்டை உள்ள பிளக் பாயின்ட் இருக்கும், ஆனால் அந்த மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் எர்த் ஒயரே வந்திருக்காது. கம்ப்யூட்டர் கேபினட்டை வெறுங்காலோடு தொட்டால் விரலில் விறுவிறுவென்று ஏறுகிறதா, அதுதான் அடையாளம். பவர் சப்ளைக்குள் இருக்கும் ஃபில்டர் வழியாகக் கசிகிற மின்சாரம் போக இடம் இல்லாமல் தகரத்தில் நிற்கிறது. அந்த நிலையில் எல்லாம் ஆன் ஆகி இருக்கும்போது மானிட்டர் ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினால் போர்ட்டே போய்விட வாய்ப்பு உண்டு. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் சரிபார்த்துவிட்டு மானிட்டர் வாங்குங்கள், மானிட்டருக்காக மட்டும் சொல்லவில்லை, வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் போட்டுவைக்காதீர்கள், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கீழ்த்தள வீடுகளில் தண்ணீர் எப்படி வந்தது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் இருப்பவர்களுக்குக் கடற்காற்றும் உண்டு, துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் கறுப்புப் புழுதியும் உண்டு. திரையில் அது படியும். கண்ணாடி துடைக்கிற ஸ்பிரேயை இதன் மேல் அடிக்கவே கூடாது, மேலே இருக்கிற மங்கலான பூச்சு திட்டுத்திட்டாகப் போய்விடும். முதலில் மென்மையான பிரஷ்ஷால் புழுதியைத் தட்டிவிட்டு, மைக்ரோஃபைபர் துணியில் கொஞ்சம் தண்ணீர் நனைத்து அழுத்தாமல் துடைத்தால் போதும். புழுதியோடு சேர்த்துத் தேய்த்தால் கீறல் விழும்.

குறை என்று பார்த்தால், ஐபிஎஸ் பேனலுக்குக் கறுப்பு அவ்வளவாக வராது, கான்ட்ராஸ்ட் 1000க்கு 1 பக்கம்தான். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் பேய் கேம் ஆடுகிறவர்களுக்கு மூலைகளில் ஒரு வெளிச்சம் தெரியும். விஏ என்ற இன்னொரு ரகப் பேனலில் கறுப்பு நன்றாக வரும், ஆனால் இருட்டில் எதிரி ஓடினால் பின்னால் மை இழுத்த மாதிரி இருக்கும், வேகமான கேமுக்கு நான் ஐபிஎஸ்தான் எடுப்பேன். ஸ்பீக்கர் இருந்தாலும் இல்லாத மாதிரிதான், ஹெட்போன் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியிலிருந்து வரும்போது வெளிச்சம் ரொம்ப அதிகமாக இருக்கும், சின்ன அறையில் அது கண்ணை எரிக்கும், ராத்திரியில் 30க்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள்.

1440பியில் 1080பியைவிட 78 சதவீதம் அதிகப் புள்ளிகளைக் கார்டு வரைய வேண்டும். வேலரன்ட், கவுன்டர் ஸ்டிரைக் மட்டும் ஆடுகிறவர்களுக்கு ஆர்டிஎக்ஸ் 3060 அளவில் ஒரு கார்டு போதும். ஜிடிஎக்ஸ் 1650 வைத்திருக்கும் தம்பிகள் இப்போதைக்கு 24 அங்குலம் 1080பியில் ஒரு 165 அல்லது 180 ஹெர்ட்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள், செலவும் கிட்டத்தட்ட பாதிதான், அந்தக் கார்டுக்கு அதுதான் பொருத்தம்.

நேரில் பார்த்து வாங்க வேண்டுமென்றால் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிட்சி தெருதான். தண்டையார்பேட்டையிலிருந்து மெட்ரோவில் ஏறினால் வண்டி மாறாமல் அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கி நடந்துவிடலாம், 2021ல் விம்கோ நகர் வரைக்கும் பாதை வந்ததிலிருந்து நமக்கு இது பெரிய வசதி. கடையிலேயே பிரித்துப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத்திரையாக ஒவ்வொன்றையும் வைத்துச் செத்த புள்ளி இருக்கிறதா பாருங்கள், ஏனென்றால் ஒன்று இரண்டு புள்ளிக்கு எல்லாம் பல கம்பெனிகள் மாற்றித்தரமாட்டார்கள். மூலையில் வெளிச்சம் தெரிந்தால் தலையை நகர்த்திப் பாருங்கள், நகர நகர மாறினால் அது ஐபிஎஸ்ஸின் இயல்பு, அதே இடத்தில் நின்றால் பின்விளக்குக் கசிவு, வேறு பீஸ் கேளுங்கள். ஜிஎஸ்டி பில்லில் சீரியல் நம்பர் எழுதி வாங்குங்கள். வீட்டுக்குக் கொண்டுவரும்போது ஆட்டோவில் படுக்கப் போட்டு மேலே எதையும் வைக்காதீர்கள், நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளுங்கள். இடம் இல்லை என்று அம்மா திட்டினாலும் பெட்டியையும் உள்ளே இருக்கும் தெர்மகோலையும் வாரன்டி முடிகிறவரை பரணில் போட்டுவையுங்கள், சர்வீஸுக்குப் போக வேண்டிவந்தால் அந்தப் பெட்டியில் வைத்து அனுப்புவதுதான் பத்திரம்.