முதலில் சோலார் ஹீட்டர், அப்புறம்தான் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்

எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கலாமா என்று யாராவது கேட்டால், வீட்டில் வெந்நீர் எதில் போடுகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். கோவையில் எங்கள் மொட்டைமாடியில் 200 லிட்டர் சோலார் ஹீட்டரும் கீழே ஸ்கூட்டரும் சில வருடங்களாக இருக்கின்றன. இரண்டையும் தனித்தனியாகக் கணக்குப் போட்டால் பாதிதான் புரியும், ஏனென்றால் இரண்டும் வந்து சேருகிற இடம் ஒரே இ.பி. பில்தான்.

நம்மூரில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில். முதல் 100 யூனிட் இலவசம், 400 வரை யூனிட் 5 ரூபாய்க்குள். 500 தாண்டினால் 8 ரூபாய்க்கு மேல், 600 தாண்டினால் 9 ரூபாய்க்கு மேல். அதோடு 500 தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைத்த கட்டணச் சலுகையும் போய்விடுவதால், 501-வது யூனிட் ஒன்று மட்டும் பில்லில் 200 ரூபாய்க்கு மேல் ஏற்றிவிடும். நிறைய பேருக்கு இது தெரிவதில்லை.

இப்போது கீசர். 100 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி சூடேற்ற ஏறத்தாழ 3 யூனிட் வேண்டும். நாலு பேர் வெந்நீரில் குளிக்கிற வீட்டில் தினமும் இவ்வளவு ஆகும், இரண்டு மாதத்தில் 180 யூனிட். ஸ்கூட்டர் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 30 கி.மீ. ஓடுகிறது, தினம் 30 கி.மீ. என்றாலும் 60 யூனிட்தான். வண்டியை சார்ஜ் போட்டால் பில் எகிறும் என்று பயப்படுகிறோம், ஆனால் அதைப்போல மூன்று மடங்கு குளியலறையில் போய்க்கொண்டிருக்கிறது! கீசரை நிறுத்திய இடத்தில் வண்டி வந்து உட்கார்ந்ததால், ஏசி ஓடுகிற கோடை தவிர நாங்கள் 500-க்குள் நிற்கிறோம். கார் என்றால் கதை வேறு, மாதம் 1,000 கி.மீ. ஓடினாலே பில்லில் 300 யூனிட் கூடும்.

பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், மைலேஜ் 45 என்று வைத்தால் கி.மீ.க்கு 2 ரூபாய் 20 காசு. 9 ரூபாய் ஸ்லாபில் சார்ஜ் போட்டாலும் ஸ்கூட்டருக்கு 30 காசுதான் ஆகிறது. தினம் 30 கி.மீ. ஓட்டுபவருக்கு மாதம் 1,500 ரூபாய்க்கு மேல் மிச்சம். கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் போகிறவருக்கு வண்டி விலை கட்டுப்படியாகாது, அதுவும் 2023 ஜூனில் மத்திய அரசு மானியத்தைக் குறைத்த பிறகு.

ஹீட்டரில் தலைவலி உப்புதான். போர் தண்ணீர் என்றால் ட்யூப்பிலும் டேங்கிலும் படிந்துகொண்டே இருக்கும், வருடம் ஒருமுறை கழுவ ஆள் கூப்பிடவேண்டும், அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள். ஜூன், ஜூலையில் மேகம் மூடினால் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் வரும். அதற்காக உள்ளே வைக்கிற மின்சாரக் காயிலுக்குத் தனி சுவிட்ச் போட்டுவிடுங்கள். தானாக ஓடட்டும் என்று விட்டால் ராத்திரி முழுக்க டேங்கைச் சூடேற்றிக்கொண்டிருக்கும், சோலார் போட்டதே வீண்.

வண்டியில் ஆயில் மாற்றுகிற வேலை இல்லை. டயர், பிரேக் ஷூ, அவ்வளவுதான். ஆனால் செகண்ட் ஹேண்டாக விற்கப்போனால் வருகிறவர் கேட்கிற முதல் கேள்வி பேட்டரி வாரண்டி எத்தனை வருடம் மிச்சம் என்பது, அது முடிந்த வண்டிக்கு அடிமாட்டு விலைதான் சொல்கிறார்கள். அதனால் கூடுதல் வாரண்டிக்குக் கேட்கிற பணத்தை வாங்கும்போதே கட்டிவிடுங்கள்.