எட்டு பவுன் ‘பாட்டி அட்டிகை’யில் காணாமல் போன மூன்று பவுன்

சென்னையில் ‘ஆன்டிக்’ என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் ஓடுகிறது. உஸ்மான் ரோட்டுக் கடையில் கேட்டால், போன மாதம் செய்து, பளபளப்பைக் குறைத்து, குழிகளில் கறுப்பேற்றிய புது நகையை எடுத்து வைப்பார்கள். அதில் ஏமாற்று ஒன்றுமில்லை, அது ஒரு ஃபினிஷின் பெயர். அதே சொல்லை வைத்துக்கொண்டு ‘நூறு வருஷப் பழசு’ என்று விலை சொல்பவரிடம்தான் வில்லங்கம் ஆரம்பிக்கிறது. ரசீதில் ‘ஆன்டிக்’ என்று மட்டும் இருந்தால், நாளைக்குச் சண்டை வரும்போது “ஃபினிஷைத்தானே சொன்னோம்” என்று கையை விரித்துவிடலாம்.

மேற்கு மாம்பலத்தில் ஒரு குடும்பம் இப்படித்தான் மாட்டிக்கொண்டது. “மயிலாப்பூர்ல ஒரு வீட்டைக் காலி பண்றாங்க, பிள்ளைங்க எல்லாம் அமெரிக்காவுல. பாட்டி நகை, சேதாரம் கிடையாது, செய்கூலி கிடையாது” என்று புரோக்கர் அழைத்துப் போனார். கெம்புக் கல் அட்டிகை, தராசில் 64 கிராம். “எட்டு பவுன், இன்னிக்கு 22 காரட் ரேட். கல்லுக்குத் தனியா ஒரு பைசா வேண்டாம்மா” என்றார்கள். பெரிய மனசு மாதிரிதான் கேட்கும். கல்லுக்குத் தனி விலை இல்லை என்றால், கல்லையும் தங்கத்தோடு சேர்த்துத் தங்கத்தின் விலைக்கே எடை போடுகிறார்கள் என்று அர்த்தம்.

இரண்டு வாரம் கழித்துக் கொக்கி மாற்றப் பத்தரிடம் போனார்கள். ஊதுகுழலின் சூடு பட்டதும் பதக்கத்தின் பின் தகட்டு ஓரத்திலிருந்து அரக்கு கசிந்தது. எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்ததில் அரக்கு மட்டும் 11 கிராம், கற்கள் 8 கிராம். மிச்சம் 45 கிராம் தங்கம். அதுவும் தங்கத்தின் தரம் பார்க்கும் மெஷினில் 83 சதவீதம்தான் காட்டியது, அதாவது இருபது காரட்டுக்குக் கொஞ்சம் கீழே.

கணக்கைப் பாருங்கள். அவர்கள் பணம் கொடுத்தது 64 கிராம் 22 காரட்டுக்கு. 22 காரட்டில் சுத்தத் தங்கம் 91.6 சதவீதம், ஆக 64 × 0.916 என்றால் 58.6 கிராம் சுத்தத் தங்கம். கையில் வந்தது 45 × 0.83, அதாவது 37.35 கிராம். குறைந்தது 21 கிராமுக்கு மேல். 22 காரட்டாக மாற்றினால் சுமார் 23 கிராம், கிட்டத்தட்ட மூன்று பவுன்.

இதில் அரக்கு இருந்ததே மோசடி என்று நினைக்க வேண்டாம். கல் பதித்து, உள்ளே கூடாக இருக்கும் ‘கட்டட’ நகையில் அரக்கு நிரப்புவது பழைய முறை. அது இல்லாவிட்டால் தகடு நசுங்கிவிடும். அரக்கையும் கல்லையும் கழிக்காமல் எடை போட்டதுதான் மோசடி. கட்டட நகை என்றால் முதல் கேள்வி ‘நிகர எடை எவ்வளவு’ என்பதாகத்தான் இருக்க வேண்டும். பிரிக்காமல் துல்லியமாகச் சொல்ல முடியாது என்றால், கழிவை எழுத்தில் ஒப்புக்கொண்டு விலை பேசுங்கள். அதற்கு மசியாதவரிடம் வாங்காதீர்கள்.

வயசு விஷயத்திலும் அந்த அட்டிகையே காட்டிக்கொடுத்திருக்கிறது, யாரும் திருப்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பதக்கத்தின் பின் தகட்டில் பொடி எழுத்தில் ‘கேடிஎம்’ முத்திரை. கேடிஎம் என்பது கேட்மியம் கலந்த பற்றவைப்பின் பெயர். அது தரத்துக்கான சான்றும் இல்லை, கொள்ளுப்பாட்டி காலத்துச் சமாச்சாரமும் இல்லை. அதேபோல, இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் ஹால்மார்க் தங்க நகைக்கு வந்தது 2000இல், ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாகப் போடும் ஆறு எழுத்து அடையாள எண்ணான எச்யூஐடி வந்தது 2021இல். இந்த முத்திரைகளோடு ‘நூறு வருஷ நகை’ வந்தால் சிரித்துவிட்டு எழுந்துவிடலாம். கொக்கியிலோ திருகிலோ மட்டும் முத்திரை இருந்தால் அவசரப்பட வேண்டாம். அவை தேய்ந்து மாற்றப்படும் பாகங்கள்.

உண்மையான பழசுக்குத் தேய்மானம் ஒழுங்காக இருக்காது. வளையத்தோடு வளையம் உரசும் உள்பக்கம் நூலாக இளைத்திருக்கும், கழுத்தில் படும் பின்புறம் வழவழப்பாகியிருக்கும், மேடுகள் மழுங்கியிருக்கும். செயற்கையாகக் கறுப்பேற்றியதில் உடம்பில் உரசவே செய்யாத இடமும் உரசும் இடமும் ஒரே கறுப்பு. இன்னொன்று: நகையில் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு அன்னப்பறவை உருவங்களை அடுத்தடுத்து லென்ஸில் பாருங்கள். இரண்டிலும் அதே இறகில் அதே ஊசித்துளை இருந்தால் அது அச்சில் வார்த்தது. கையால் தட்டியதில் ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காது.

“மெஷின்ல வெச்சுக் காட்டுறேன்” என்பார்கள். அந்த எக்ஸ்ரே மெஷின் மேல்தோலை மட்டும்தான் படிக்கும். கனமான முலாம் இருந்தால் முலாமின் தரத்தையே நகையின் தரமாகச் சொல்லும். குறிப்பாகக் கோயில் நகை பாணி. நாகர்கோவில் வடசேரி வேலையில் வெள்ளி உடம்பின் மேல் தங்கத் தகடு போர்த்துவது மரபே. அது அருமையான வேலைதான், ஆனால் தங்க விலைக்கு வாங்கும் பொருளல்ல. முன்பக்கம், பின் தகடு, பற்றவைத்த மூட்டு என்று மூன்று இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். பழைய நகையில் மூட்டில் கொஞ்சம் குறையும், அது இயல்பு. முன்னும் பின்னும் பத்துப் பதினைந்து சதவீதம் மாறினால் விலகுங்கள்.

கல், அரக்கு இல்லாத வெற்று நகைக்கு வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. 0.01 கிராம் காட்டும் தராசில் தண்ணீர் டம்ளரை வைத்து பூஜ்யமாக்குங்கள். நகையை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல், காற்றுக்குமிழ் ஒட்டாமல் முழுக்க அமிழ்த்துங்கள். நகையின் எடையைத் தராசு அப்போது காட்டும் எண்ணால் வகுக்க வேண்டும். 16.00 கிராம் வளையலுக்கு 0.90 காட்டினால் 17.8, அது 22 காரட்டுக்கு ஒத்த அடர்த்தி. 15.5 பக்கம் வந்தால் 18 காரட். 10.5 வந்தால் வெள்ளி. உள்ளே காற்றடைந்த நகைக்கு இது உதவாது.

கல்லில்தான் படித்தவர்களும் சறுக்குகிறார்கள். ‘நகை பழசு, அதனால் கல்லும் இயற்கை’ என்பது தப்புக் கணக்கு. தீயில் உருக்கிச் செயற்கைச் சிவப்புக்கல் வளர்க்கும் முறையை வெர்னாய் என்ற பிரெஞ்சுக்காரர் 1902இல் வெளியிட்டுவிட்டார். நிஜமாகவே எண்பது வருஷமான அட்டிகையிலும் அந்தக் கல் இருக்கலாம். பத்து மடங்கு லென்ஸில், கல்லுக்குள் இசைத்தட்டின் கோடுகள் மாதிரி வளைந்த வரிகளோ உருண்டைக் காற்றுக்குமிழ்களோ தெரிந்தால் அது செயற்கை. இயற்கைக் கல்லில் வரிகள் நேராக, கோணமாக ஓடும். கண்ணாடிக் கெம்பு என்றால் முனைகள் மழுங்கிக் கீறியிருக்கும். பின்புறம் மூடிய கட்டடத்தில் கல்லுக்கு அடியில் நிறத் தாள் வைத்திருப்பார்கள். நிறம் கல்லுடையதா தாளுடையதா என்று கழற்றாமல் யாராலும் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட கல்லுக்கு மாணிக்க விலை கொடுக்காதீர்கள்.

வைரத் தோடு என்றால் ‘ப்ளூ ஜாகர்’ என்ற மந்திரம் கண்டிப்பாக வரும். அது தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்தின் பெயர், சுரங்கம் 1971இல் மூடப்பட்டுவிட்டது. சாதாரண கிரேடிங் ரிப்போர்ட்டில் எடை, நிறம், தெளிவு, வெட்டு வரும், சுரங்கத்தின் பெயர் வராது. ஆக அந்தப் பெயருக்கென்று கேட்கும் கூடுதல் பணம் வாய்ச்சொல்லுக்குக் கொடுப்பதுதான். வைரமா என்று பார்க்கும் பேனா டெஸ்டர் ‘பீப்’ அடிப்பதையும் நம்ப வேண்டாம், வைரம் மாதிரி மின்னும் மாய்சனைட் கல்லுக்கும் சாதாரண டெஸ்டர் அடிக்கும். ஆய்வகத்தில் வளர்த்த வைரமோ இந்தச் சாதாரண டெஸ்டரைத் தாண்டிவிடும், லேபுக்குத்தான் அனுப்ப வேண்டும். பழைய ஏழு கல் தோட்டில் ஆறு கல்லின் பிடி மழுங்கி, ஒன்றின் பிடி மட்டும் புதுசாக மின்னினால் அந்தக் கல் மாறியிருக்கிறது.

இங்கிலாந்து சவரன் நாணயம் கோத்த மாலைக்கு ‘அரிய வருஷம்’ என்று கூடுதல் விலை சொன்னால் ஒன்று கவனியுங்கள்: வளையம் பற்றவைத்த நாணயத்தைச் சேகரிப்பாளர்கள் வெறும் தங்கமாகத்தான் எடுப்பார்கள். அசல் ஒன்று 7.98 கிராம்.

புலி நகப் பதக்கம், தந்தச் சிமிழ் எதையும் தொடாதீர்கள். அசலாக இருந்தால் வனவிலங்குச் சட்டம், போலியாக இருந்தால் மாட்டுக்கொம்பு. நூறு வருஷம் தாண்டிய உலோக, கல் சிற்பங்கள் 1972 தொல்பொருள் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட வேண்டியவை. பதிவுச் சான்று இல்லாத ‘வீட்டுப் பூஜை விக்கிரகம்’ வாங்கினால் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு கதவைத் தட்டலாம்.

ஏமாந்த பிறகு எங்கே போவது என்பது, யாரிடம் வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது. வியாபாரி என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம், இரண்டு வருஷத்துக்குள். ஹால்மார்க் போட்ட நகையில் தரம் குறைந்தால் குறைந்த மதிப்பைப் போல் இரண்டு மடங்கும் சோதனைச் செலவும் கேட்கலாம். ‘வீட்டைக் காலி பண்றோம்’ என்று தனி ஆள் விற்றால் நுகர்வோர் ஆணையம் ஏற்காது, மோசடி என்று போலீஸில்தான் கொடுக்க வேண்டும். புரோக்கர்கள் கடையை விட்டு வீட்டுக்கு அழைத்துப் போவதில் இந்தச் சௌகரியமும் இருக்கிறது. நகை திருட்டுச் சொத்தாக இருந்தால் போலீஸ் அதைப் பறிமுதல் செய்துவிடும், உங்கள் பணத்தைத் திருப்பித் தர யாரும் வரமாட்டார்கள். விற்பவரின் அடையாள நகல் வாங்குங்கள், பணத்தை வங்கி வழியே அனுப்புங்கள். ஒரே ஆளிடம் ஒரே நாளில் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டமே சொல்கிறது. ரொக்கத்துக்குப் பிடிவாதம் பிடிப்பவர் தடயம் வேண்டாம் என்று நினைப்பவர்.

மாம்பலத்தாரிடம் இருந்த ரசீதில் எழுதியிருந்தது ‘ஆன்டிக் அட்டிகை 64 கிராம்’, அவ்வளவே. மொத்த எடை, அரக்கும் கல்லும் கழித்த நிகர எடை, காரட், கல்லின் பெயர், அது இயற்கையா செயற்கையா, ‘இன்ன வருஷத்துக்கு முந்தையது’ என்ற வாக்கியம், இத்தனையும் விற்பவர் கையெழுத்தோடு வேண்டும். அதற்கு முன் முன்பணம் மட்டும் கொடுங்கள். பிஐஎஸ் அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்தில் நான்கு நகை வரை சோதிக்க ₹200 கட்டணம். மீதிப் பணம் அந்த ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகு.