மெமோவா, பலகையா, மாலைப் பேச்சா? மின்பாதை வேலையில் எங்களுக்கு உதவியது எது

மின்கம்பத்தில் ஏறியவர் உயிரோடு இறங்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. அதைக் குழுவின் பழக்கமாக மாற்றுவது எப்படி என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பக்கம் பேசுகிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் 11 கிலோவோல்ட் பாதைகளையும் மின்மாற்றிகளையும் ஒப்பந்த முறையில் பராமரிக்கும் குழு ஒன்றுக்கு நான் மேற்பார்வையாளன். எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. தவறியவருக்கு மெமோவும் சம்பளப் பிடித்தமும் கொடுப்பது ஒன்று. 'விபத்தில்லா நாட்கள்' என்று வாசலில் பலகை வைத்து, ஆண்டு முடிவில் பரிசு கொடுப்பது இன்னொன்று. வேலை முடிந்ததும் வட்டமாக உட்கார்ந்து, அன்றைக்கு எதில் தப்பித்தோம் என்று பேசுவது மூன்றாவது. அப்படிச் சொல்பவர்மீது நடவடிக்கை கிடையாது. முதல் இரண்டையும் நடத்திப் பார்த்துவிட்டு மூன்றாவதில் வந்து நின்றோம். ஆகவே என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

கையுறை, தலைக்கவசம், இடுப்பு பெல்ட், கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடு எல்லாம் எந்த வழிக்கும் வேண்டியவை. மின்சாரத்தைத் துண்டிப்பது, மறுபடி யாரும் போட்டுவிடாதபடி பூட்டுவது, பாதையில் மின்சாரம் இல்லை என்று சோதிப்பது, வேலை செய்யும் இடத்துக்கு இருபுறமும் எர்த் செய்வது என்ற வரிசையும் அப்படித்தான். கிழிந்த கையுறையைக் கொடுத்துவிட்டுப் பாதுகாப்புப் பண்பாடு பற்றிப் பேசுகிறவர்களோடு எனக்கு வாதமே இல்லை.

முதலில் மெமோ. அதற்கு நியாயமான இடம் ஒன்று உண்டு. குடித்துவிட்டு வேலைக்கு வருகிறவரிடமும், எர்த் போடாமல் தெரிந்தே ஏறுகிறவரிடமும் வட்டமாக உட்கார்ந்து பேசிப் பயனில்லை. இந்த இரண்டுக்கும் இன்றும் மெமோ வைத்திருக்கிறோம். மற்ற எல்லாவற்றுக்கும் அதை நீட்டியபோது குழு கற்றுக்கொண்டது ஒன்றுதான்: வாயைத் திறக்காதே. கை லேசாக அதிர்ந்தால் உதறிவிட்டுப் போனார்கள். ஏணி சறுக்கினால் சிரித்துக்கொண்டார்கள். என் மேசைக்கு எந்தச் செய்தியும் வரவில்லை. செய்தி வராததை நல்ல செய்தியென்று மேலிடம் எடுத்துக்கொண்டது.

பலகை பார்க்க அழகாக இருக்கும். மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு தினத்தில் அதன்முன் நின்று உறுதிமொழி எடுத்துப் படமும் பிடிக்கலாம். ஆனால் எண் ஏற ஏற அதை உடைக்கிறவர் குழுவுக்கே எதிரியாகிவிடுகிறார். விரலில் தீக்காயம் பட்டவர், பரிசு போய்விடக் கூடாது என்று தன் காசில் மருந்து வாங்கிப் போட்டுக்கொள்வார். மெமோ மேலதிகாரியிடம் மட்டும்தான் மறைக்கச் சொன்னது. பலகை பக்கத்தில் நிற்கும் கூட்டாளியிடமும் மறைக்கச் சொல்லும். எண்ணெய்த் துறையில் இதற்குப் பெரிய உதாரணம் இருக்கிறது. மெக்சிகோ வளைகுடாவில் 'டீப்வாட்டர் ஹொரைசன்' துளையிடும் தளம் 2010 ஏப்ரல் 20 அன்று வெடித்து 11 பேர் இறந்தார்கள். வேலைநாள் இழப்பான விபத்து ஏழு ஆண்டுகளாக இல்லை என்பதைப் பாராட்ட நிறுவன அதிகாரிகள் அன்றைக்கு அந்தத் தளத்திலேயே இருந்தார்கள். வழுக்கி விழுந்ததையும் விரல் நசுங்கியதையும் எண்ணும் கணக்கில், வெடிப்புக்குக் காரணமான எண்ணெய்க் கிணற்றின் அழுத்தத்துக்கு இடமில்லை.

இப்போது மூன்றாவதுக்கு வருகிறேன். எனக்கு இதைத் தீர்மானித்துக் கொடுத்தது ஒரே கேள்விதான். சாகாமல் தப்பித்த செய்தி அன்று மாலைக்குள் என் காதுக்கு வருமா? மற்ற வசதி, வசதிக்குறைவுகளை இதற்குப் பின்னால்தான் வைத்தேன். காரணம் எங்கள் ஊர். ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு. கம்பியில் மட்டை விழாத மாதமே குறைவு. குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்று இரும்பைத் தின்கிறது. குலசேகரம் பக்கம் ரப்பர் மரம் சாய்கிறது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது மாவட்டம் முழுக்கக் கம்பங்கள் விழுந்ததைப் பார்த்தவர்களுக்கு, வேலை எவ்வளவு அவசரமாகவும் அரைகுறை வெளிச்சத்திலும் நடக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. ஆபத்து இப்படி ஊருக்கு ஊர் மாறும்போது தலைமை அலுவலகத்தில் அச்சடித்த கையேடு பாதி தூரம்தான் கூட வரும். மீதியை அந்த இடத்தில் நின்றவர் சொல்ல வேண்டும்.

கடலோரத்தில் ஒரு மின்மாற்றி வேலை. கீழே கைப்பிடியை இழுத்து, கம்பத்தின் மேலே மூன்று கம்பிகளையும் பிளேடுகளால் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்சைத் திறந்தார்கள். கைப்பிடி முழுதாக இறங்கிவிட்டது. மேலே இரண்டு பிளேடுகள்தான் விலகியிருந்தன. மூன்றாவது துருப்பிடித்து அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. கம்பியாளர் ஒருவர் ஏறுமுன் அண்ணாந்து பார்த்ததால் தப்பித்தார். மாலையில் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது இன்னொருவர் மெதுவாக, "அண்ணே, இந்த சுவிட்ச் போன மழைக்கும் இப்படித்தான் மாட்டியது. ரெண்டு தடவை இழுத்து விட்டதும் சரியாகிவிட்டது" என்றார். மெமோ காலமாக இருந்தால் "அப்போதே ஏன் சொல்லவில்லை?" என்ற கேள்விக்குப் பயந்து அந்த இரண்டாமவர் சொன்னது வெளியே வந்திருக்காது. எனக்கு வேண்டியதோ அதுதான். ஒருநாள் கோளாறு என்று விட்டிருப்பேன். ஒரு பருவமாக ஆளை விழுங்கக் காத்திருந்த சுவிட்ச் என்று தெரிந்தது. கடலோரத்தில் எங்கள் பொறுப்பில் இருந்த சுவிட்சுகளை எல்லாம் பார்த்தோம். அதே நிலையில் வேறு சிலவும் இருந்தன. இப்போது கைப்பிடியை இழுத்ததும் ஒருவர் டார்ச் அடித்து மூன்று பிளேடுகளையும் பார்த்து, "மூன்றும் திறந்தது" என்று உரக்கச் சொன்ன பிறகுதான் சோதனை, அதன் பிறகு எர்த்.

இன்னொரு மாலை, துண்டித்த பாதையில், மின்சாரம் இருப்பதாக டெஸ்டர் விளக்கு எரிந்த கதை வந்தது. பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. தெரு மின்சாரம், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் இணையவிடும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் இணைத்த ஜெனரேட்டர் தெருக் கம்பிக்குள் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும். அது மின்மாற்றிக்குள் போனால் மறுபுறம் 11 கிலோவோல்ட்டாகவே ஏறிவிடும். கோயில் கொடையும் தேவாலயத் திருவிழாவும் மாறி மாறி வரும் மாவட்டத்தில் இது சின்ன விஷயமில்லை. அதன்பின் எந்தப் பகுதியில் வேலை என்றாலும் அங்கே விசேஷம் உண்டா என்று காலையிலேயே விசாரிக்கிறோம்.

சட்டமும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது என்பது பலர் கவனிக்காத செய்தி. மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 161, உயிரிழப்போ காயமோ நேர்ந்த விபத்தோடு நிற்கவில்லை; நேர்ந்திருக்கக்கூடிய விபத்தையும் அறிவிக்கச் சொல்கிறது. தப்பித்த கதைக்கும் அங்கே இடம் இருக்கிறது.

இந்த வழிக்குச் செலவு இல்லை என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். முக்கியமான செலவு கூலி. "இது சரியில்லை, நான் ஏறமாட்டேன்" என்று வேலையை நிறுத்தும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு அன்றைய கூலி வெட்டப்பட்டால், அடுத்த முறை வாயை மூடிக்கொண்டு ஏறுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. வீட்டில் உலை வைக்க வேண்டும். ஆகவே நிறுத்திய நாளுக்கும் முழுக் கூலி என்பதை முதலாளியோடு மல்லுக்கட்டி வாங்கினேன். அது இல்லாமல் மாலைப் பேச்சு வெறும் பஜனை.

இரண்டாவது செலவு, சொன்னதைச் செய்துகாட்டுவது. துருப்பிடித்த சுவிட்சைப் பற்றிச் சொன்னவர் மறுவாரமும் அதே சுவிட்சைப் பார்த்தால் அத்தோடு பேசுவதை நிறுத்திவிடுவார். சொன்னதும் சரிசெய்ததும் பக்கத்தில் பக்கத்தில் ஒரு நோட்டில் எழுதப்படுகின்றன. ஆள் பெயர் எழுதுவதில்லை. சொல்ல ஒன்றுமில்லாத நாளில் யாரையும் வற்புறுத்துவதும் இல்லை. வற்புறுத்தினால் கதை கட்டத் தொடங்குவார்கள். மார்த்தாண்டம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர் பாதியில் எழுந்தால் போகவிடுகிறேன்.

விபத்து இத்தனை குறைந்தது என்று என்னிடம் கணக்குக் கேட்டால் கொடுக்க இயலாது. எங்கள் குழு சிறியது. பெரிய விபத்து முன்பும் அரிதுதான். அந்த எண்ணிக்கையை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது. ஒருவரையொருவர் அண்ணன், தம்பி என்று அழைக்கும் குழுவில் இது எளிது. மூன்று ஆண்டுக்கொருமுறை அதிகாரி மாறும் பெரிய அலுவலகத்தில், முந்தையவர் கொடுத்த வாக்கைப் புதியவர் காப்பாற்றுவாரா என்ற பயம் இருக்கும். அங்கே வாக்குறுதியை எழுத்தில் கொடுக்காமல் தொடங்குவது சரியாக வராது என்று நினைக்கிறேன். ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உயரமும் வேறு, எந்திரமும் வேறு. அவர்களுக்கு என் அனுபவத்தை நீட்டமாட்டேன்.

தொடங்க நினைப்பவர்கள் மே மாதத்தில் தொடங்குங்கள். ஜூன் மழை பிடித்துவிட்டால் உட்கார்ந்து பேச யாருக்கும் நேரம் இருக்காது. பலகை ஏற்கெனவே மாட்டியிருந்தால் முதல் கூட்டத்துக்கு முன்பே கழற்றிவிடுங்கள். இரண்டையும் சேர்த்து நடத்தப் பார்த்தோம். பலகை தொங்கிய வரை ஒருவரும் பேசவில்லை.