கட்டைவிரலுக்கான நியோப்ரீன் ஸ்பிளிண்ட்: எந்தக் குழந்தைக்கு வாங்கலாம், எங்கே கோட்டை விடுகிறோம்

செரிப்ரல் பால்சி (வளரும் மூளைக்கு ஏற்பட்ட பாதிப்பால் அசைவும் தசைக் கட்டுப்பாடும் குலையும் நிலை) உள்ள குழந்தைகளில் பலருக்கு, அதிலும் ஒரு பக்கக் கை மட்டும் பாதிக்கப்பட்டவர்களுக்கு, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடக்கும். மற்ற நான்கு விரல்களும் ஓரளவு விரியும். ஆனால் பிடிக்கப்போன பொருள் கட்டைவிரலின் முதுகில் இடித்துக்கொண்டு நிற்கும். இந்த ஒரு சிக்கலைத் தீர்க்கத்தான் நியோப்ரீன் எனும் இழுபடும் ரப்பர் துணியில் தைத்த மென்மையான ஸ்பிளிண்ட், அதாவது கையில் மாட்டும் தாங்கு உறை. பெனிக், மெக்கி போன்ற பெயர்களில் தயாராகவும் கிடைக்கிறது, ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளுக்குக் கையைப் பழக்கும் சிகிச்சையாளர்) அளவெடுத்துத் தைத்தும் தருகிறார். சரியான குழந்தைக்கு இது நல்ல கருவி. ஆனால் இது பயிற்சி நேரத்துக்கான பொருள். மாட்டிவிட்டுச் சும்மா உட்காரவைத்தால் கை தேறாது.

வாங்கும் முன் ஒரு சோதனை. குழந்தையின் மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கமாக மடக்கி, கட்டைவிரலை அடிப்பகுதியில் பிடித்து மெதுவாக வெளியே எடுங்கள். பிறகு மணிக்கட்டை நேராக்கி மறுபடி எடுங்கள். இரண்டிலும் எளிதாக வந்தால் இந்த ஸ்பிளிண்ட் போதும். மடக்கியபோது வந்து, நேராக்கியதும் உள்ளே இழுத்துக்கொண்டால், முன்கையிலிருந்து வரும் நீளத் தசை இறுகியிருக்கிறது என்று பொருள். மணிக்கட்டையும் சேர்த்துத் தாங்கும் மாதிரி வேண்டும். பெனிக்கில் உள்ளே தெர்மோபிளாஸ்டிக் (சூடாக்கி வடிவமைக்கும் பிளாஸ்டிக்) பட்டை வைத்த மாதிரிகள் இதற்கானவை. மணிக்கட்டை எப்படி வைத்தாலும் விரல் வரவே இல்லையென்றால் மென்துணி எதையும் சாதிக்காது. முதலில் எலும்பு மருத்துவரையோ மறுவாழ்வு மருத்துவரையோ பார்த்துவிடுங்கள்.

இனி பொருளுக்கு வருவோம். பார்க்க வேண்டிய முதல் விஷயம், பட்டை எந்தத் திசையில் இழுக்கிறது என்பது. கட்டைவிரல் உள்ளங்கைக்கு முன்னால் எழுந்து, ஆள்காட்டி விரலின் நுனியைப் பார்த்து நிற்க வேண்டும். அப்போதுதான் டம்ளரோ பென்சிலோ பிடிபடும். சுமாரான தயாரிப்புகளில் பட்டை கட்டைவிரலைப் பக்கவாட்டில், உள்ளங்கையின் அதே தளத்திலேயே இழுத்துவிடுகிறது. பார்வைக்குக் கை அழகாக விரிந்திருக்கும். ஆனால் கட்டைவிரல் வேறு எந்த விரலையும் தொடாது. மாட்டியவுடன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துப் பாருங்கள். நுனிகள் சந்திக்காவிட்டால் அந்த ஸ்பிளிண்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அடுத்தது, இழுவை எந்த இடத்தில் விழுகிறது. அது கட்டைவிரலின் அடியில், உள்ளங்கைக்குள் இருக்கும் எலும்பின் மேல் விழ வேண்டும். கட்டைவிரலை நுழைக்கும் வளையம் மேலேறி முதல் கணுவைத் தாண்டிப் போனால், இழுவை முழுவதையும் அந்தக் கணு மூட்டு வாங்கிக்கொள்ளும். அடிப்பகுதி உள்ளேயே கிடக்க, மூட்டு மட்டும் பின்பக்கமாக வளையும். இந்தக் குழந்தைகளின் தசைநார்கள் அந்த இடத்தில் ஏற்கெனவே தளர்ந்திருக்கலாம். நாள்கணக்கில் இப்படி மாட்டினால் மூட்டு நிலையிழந்து பிடி முன்பைவிட மோசமாகும். இந்தப் பொருளில் நடக்கும் தவறுகளில் எங்களை மிகவும் கவலைப்பட வைப்பது இதுதான். ஏனென்றால் வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு விரல் திறந்திருப்பதாகவே தெரியும்.

உள்ளங்கையை எவ்வளவு குறைவாக மூடுகிறதோ அவ்வளவு நல்லது. பாதிக்கப்பட்ட கையில் தொடுவுணர்வும் பல குழந்தைகளுக்குக் குறைவாகவே இருக்கும். மிச்சமிருக்கும் உணர்வையும் 3 மில்லிமீட்டர் துணியால் மூடினால் கையில் பொருள் இருப்பதே குழந்தைக்குத் தெரியாது. கட்டைவிரல் நுனி கட்டாயம் வெளியே இருக்க வேண்டும். சிறு குழந்தைக்கு 1.5 மில்லிமீட்டர் துணியே போதும். தையல் மடிப்பு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள மென்தோலில் உட்காரக் கூடாது, உராய்ந்து புண்ணாக்கிவிடும்.

மாட்டும் முறையிலும் கவனம் வேண்டும். மணிக்கட்டை மடக்கினால் விரல்கள் தாமாகத் தளரும். அந்த நேரத்தில் கட்டைவிரலை அடியில் பிடித்துத் திறந்து வளையத்துக்குள் விடுங்கள். நுனியைப் பிடித்து இழுக்காதீர்கள். பிறகு மணிக்கட்டை நேராக்கி, பட்டையை விரலிடைவெளியிலிருந்து புறங்கை வழியாக மணிக்கட்டுக்குக் கொண்டுபோய் வெல்க்ரோவை ஒட்டுங்கள். முதல் நாள் 20 நிமிடம் போதும். கழற்றியபின் சிவப்பு 20 நிமிடத்துக்குள் மறையாவிட்டால் இறுக்கம் அதிகம். குழந்தை வலியைச் சொல்லத் தெரியாததாக இருந்தால் நகத்தின் நிறத்தையும் விரலின் குளிர்ச்சியையும் நீங்கள்தான் பார்க்க வேண்டும். துணியின் அச்சு அப்படியே விழுந்ததுபோல் அரிப்போடு தடிப்பு வந்தால் அது வேர்க்குரு இல்லை, நியோப்ரீன் ஒவ்வாமையாக இருக்கலாம், உடனே நிறுத்திவிடுங்கள்.

பராமரிப்பு பெரிய வேலையில்லை. வெல்க்ரோவை மூடிவிட்டு, மென் சோப்பில் கையால் துவைத்து நிழலில் உலர்த்தினால் சரி. வெயிலில் போட்டால் துணி இறுகும், இழுவை போய்விடும். நூலும் முடியும் சேர்ந்த வெல்க்ரோவைப் பழைய பல் தேய்க்கும் பிரஷால் சுத்தம் செய்யலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளவைச் சரிபாருங்கள், கை வளர்ந்துகொண்டே இருக்கும்.

மாட்டியபின் என்ன செய்கிறோம் என்பதில்தான் பலன் இருக்கிறது. இரண்டு கையும் தேவைப்படும் வேலைகளைக் கொடுங்கள்: பாதித்த கை டப்பாவைப் பிடிக்க, நல்ல கை மூடியைத் திருகட்டும், பாதித்த கை கயிற்றைப் பிடிக்க, நல்ல கை பெரிய மணிகளைக் கோக்கட்டும். குழந்தையே விரும்பும் ஒரு குறிப்பிட்ட வேலையைப் பழக 14 முதல் 25 மணி நேரமும், கையின் பொதுவான திறன் கூட 30 முதல் 40 மணி நேரமும் பயிற்சி தேவை என்கின்றன ஆய்வுத் தொகுப்புகள். தினம் அரை மணி, வாரம் ஐந்து நாள் என்றால் முதலாவதற்கே ஆறு முதல் பத்து வாரம் ஆகும். பட்டையை இறுக்கி இதைக் குறுக்க முடியாது.

உதவுகிறதா என்று அறிய, ஒரே நாளில் ஒரே வேலையை ஸ்பிளிண்டோடும் இல்லாமலும் செய்யவைத்து போனில் படம் எடுங்கள். மாட்டியபோது பிடி மேம்படவில்லையென்றால் அது அந்தக் குழந்தைக்கான பொருள் அல்ல. இரவில் தூங்கும்போது மாட்டவும் இது ஏற்றதல்ல. பட்டை நழுவி எங்கே இறுக்குகிறது என்று யாரும் கவனிக்க மாட்டார்கள்.

பள்ளிக்குக் கொடுத்தனுப்பும்போது, சரியாக மாட்டிய கையின் படத்தை மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று எடுத்துக் கொடுங்கள். புறங்கைப் பக்கம் வண்ண நூலால் ஒரு தையலும் போட்டுவிட்டால், ஆசிரியர் தலைகீழாக மாட்டிவிடுவது பெரும்பாலும் நின்றுவிடும்.