கடல்காற்றில் நாற்பது ஆண்டு கிடந்த கிட்டாருக்கு என்ன விலை? நாகர்கோவிலில் ஒரு மதிப்பீட்டுச் சேவை

குளச்சலில் இருக்கும் என் சித்தப்பா கப்பலில் வேலை பார்த்த காலத்தில், 1984-இல், ஜப்பானின் கோபே துறைமுகத்தில் ஓர் எலக்ட்ரிக் கிட்டார் வாங்கி வந்தார். ஊர்க் கோயில் பாடகர் குழுவில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் அதை வாசித்தார். பிறகு விரல்மூட்டு வலி வரவே, பழைய வேட்டி ஒன்றில் சுற்றி பீரோவின் மேல் ஏற்றிவிட்டார். சென்ற ஆண்டு வீட்டை மராமத்து செய்தபோது அது கீழே இறங்கியது. அதன் மதிப்பை அறிய நான் அலைந்ததையும், கடைசியாக நாகர்கோவிலில் ஒரு பழுதுபார்ப்புப் பட்டறையில் கிடைத்த சேவையையும் பற்றியது இந்த மதிப்புரை. தம் பெயரும் முகவரியும் எழுத்தில் வர வேண்டாம் என்று பட்டறைக்காரர் கேட்டுக்கொண்டதால் அவற்றைத் தவிர்க்கிறேன். வடசேரிப் பக்கம் கிட்டார் வாசிக்கும் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

கிட்டாரின் தலைப்பகுதியில் பெரிய எழுத்தில் ‘ஸ்குவையர்’ என்றும், அதனருகே சிறிய எழுத்தில் ‘பை ஃபெண்டர்’ என்றும் இருக்கிறது. ஃபெண்டர் என்பது அமெரிக்காவின் பெரிய கிட்டார் நிறுவனம். முதலில் நான் கொண்டுபோன இசைக்கருவிக் கடையில், அந்தப் பெயரைப் பார்த்ததுமே விலை முடிவாகிவிட்டது. ஸ்குவையர் என்பது இன்று புதிதாகக் கற்பவர்கள் வாங்கும் விலை குறைந்த வகை. அதுவும் பழையது, துருப்பிடித்தது. ஆகவே 6,000 ரூபாய், உடனே பணம் என்றார்கள். கருவியைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. கோபேயில் யாரோ போலிச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கப்பல் நண்பர்கள் நாற்பது ஆண்டுகளாகச் செய்துவந்த கேலிக்கு இது உரம் போட்டதுபோல் ஆயிற்று. “மக்களே, காசு கெடக்கட்டும். அது ஒரிஜினல்தானான்னு மட்டும் நல்லா வெவரம் தெரிஞ்ச ஆளுகிட்ட கேட்டுட்டு வா” என்றார் சித்தப்பா.

பட்டறைக்காரர் செய்த முதல் காரியமே எனக்கு நம்பிக்கை தந்தது. தாம் பழைய கிட்டார்களை வாங்குவதில்லை, விற்பதில்லை, விற்றுக்கொடுத்துத் தரகு பெறுவதும் இல்லை. பார்ப்பதற்குக் கூலி 1,500 ரூபாய், விலை கூடினாலும் குறைந்தாலும் கூலி அதேதான் என்று சொல்லிவிட்டுத்தான் உறையைப் பிரித்தார். விலை சொல்பவரே வாங்குபவராகவும் இருந்தால் என்ன நடக்கும் என்பதை நான் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தேன். அடுத்ததாக, ஒரு திருகைத் தொடுவதற்கு முன்பே எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து அந்தப் படங்களை என் கைப்பேசிக்கு அனுப்பினார். உள்ளுறுப்புகளை யாராவது மாற்றிவிடுவார்களோ என்பது பழைய கருவியைப் பட்டறையில் விட்டுவரும் எவருக்கும் இருக்கும் அச்சம். அதை அவர் கேட்காமலே தீர்த்துவைத்தார்.

கிட்டாரின் கழுத்துப் பகுதியான நெக்கை உடலோடு இணைக்கும் இரும்புத் தகட்டில் ‘ஜேவி’ என்ற இரண்டு எழுத்தும் ஐந்து இலக்கமும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கடையில் திருப்பிப் பார்க்காமல் விட்டது இதைத்தான். ஸ்குவையர் என்பது முதலில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கிட்டார்க் கம்பி செய்த ஒரு நிறுவனத்தின் பெயர்; 1965-இல் அது ஃபெண்டரின் கைக்கு வந்தது. எழுபதுகளின் இறுதியில் டோக்காய், கிரேக்கோ முதலிய ஜப்பானியப் பெயர்களில் வந்த நகல்கள், அன்றைய அமெரிக்க அசலைவிடத் தரமாகவும் மலிவாகவும் இருக்கவே, ஃபெண்டர் 1982-இல் ஜப்பானிலேயே ஒரு கூட்டு நிறுவனத்தைத் தொடங்கி, மட்சுமோட்டோவிலுள்ள ஃபுஜிஜென் ஆலையில் தன் ஐம்பது, அறுபதுகளின் மாதிரிகளைத் திரும்பச் செய்வித்தது. 1982 முதல் 1984 வரை அப்படி வந்தவற்றுக்குத்தான் ‘ஜேவி’ எண். பிற்காலத்தில் மலிவு வகைக்கே உரியதாகிவிட்ட ஒரு பெயரைத் தாங்கியிருந்தாலும், இந்த முதல் மூன்று ஆண்டுகளின் கருவிகளை உலகெங்கும் சேகரிப்பவர்கள் தேடி வாங்குகிறார்கள்.

எண் இருக்கிறது, ஆகவே அசல் என்று அவர் அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. நான்கு திருகுகளைக் கழற்றினால் அந்தத் தகடு எந்தக் கிட்டாருக்கும் போகும் என்று சொல்லி, நெக்கையே கழற்றினார். அதன் அடிப்பகுதியில் ஏதோ எழுத்து இருந்தது. ஆனால் படிக்க முடியாத அளவுக்கு மங்கியிருந்தது. எனவே உடலின் குழிவுகள் குடையப்பட்ட விதம், அவற்றுக்குள் சிதறியிருந்த பெயின்ட், ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் திருகுறுப்பான வால்யூம் ‘பாட்’டின் முதுகிலிருந்த குறிகள், ஈயப்பற்று என ஒவ்வொன்றாகப் பார்த்தார். பற்றவைத்த இடங்கள் பளபளப்புக் குன்றி, ஒரே நிறத்தில், ஒருமுறைகூடக் கலையாமல் இருந்தன. கம்பியின் அதிர்வை மின்னலையாக்கும் பிக்கப் மூன்றும் ஆலையில் பொருத்தியவையே என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம் என்றார்.

அமெரிக்கக் கிட்டாராக இருந்தால் வேலை இன்னும் எளிது என்று, வேறொருவருடைய கருவியிலிருந்து கழற்றி வைத்திருந்த பழைய பாட் ஒன்றையும் காட்டினார். அதில் 1376623 என்ற எண் இருந்தது. 137 என்பது அதைச் செய்த சிடிஎஸ் நிறுவனத்தின் குறி, 66 என்பது ஆண்டு, 23 என்பது அந்த ஆண்டின் வாரம். ஆனால் பாட் எப்போது செய்யப்பட்டது என்பதைத்தான் அது சொல்லும், கிட்டார் எப்போது செய்யப்பட்டது என்பதை அல்ல. 1966-இல் ஃபெண்டர் பாட்களை மொத்தமாக வாங்கி அடுத்த சில ஆண்டுகள் பயன்படுத்தியதால், 66 என்ற எண்ணைக் கண்டு ஏமாந்தவர்கள் பலராம். கிப்சன் என்ற இன்னோர் அமெரிக்க நிறுவனத்தின் கிட்டார் என்றால் 1977 முதல் 2005 வரை எட்டு இலக்க எண். அதில் முதலாவதும் ஐந்தாவதும் சேர்ந்து ஆண்டு, இடையிலுள்ள மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. என் கருவிக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை என்றாலும், பொறுமையாகச் சொன்னார், நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

புற ஊதா விளக்கில் வைத்துப் பார்ப்பீர்களா என்று, இணையத்தில் படித்ததை வைத்துக் கேட்டேன். பழைய நைட்ரோசெல்லுலோஸ் வார்னிஷ் அந்த விளக்கில் பசுமஞ்சளாக ஒளிரும், பின்னால் பூசிய இடம் கறுத்துத் தெரியும். ஆனால் இது பாலியஸ்டர் பூச்சு, விளக்கைப் பிடித்து உங்களை மயக்கலாமே தவிர எனக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை என்றார். செய்துகாட்டி வியக்க வைத்திருக்கலாம், செய்யவில்லை.

நம் கடற்கரைக்கே உரிய சிக்கல் துரு. உடலின் மேல் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் சேடில்கள் ஆறும், அவற்றின் சிறு திருகுகளும், பின்பக்கச் சுருள்வில்களும் உப்புக்காற்றில் பொரிந்துபோயிருந்தன. இவற்றைப் புதிதாக மாற்றிவிட்டுக் கொண்டுவந்திருக்கலாமோ என்று நான் கேட்டபோது அவர் பதறியேவிட்டார். “துரு இருந்தா இருக்கட்டும் தம்பி, ஒரிஜினல் துரு. பளபளன்னு ஆக்கிக் கொண்டாந்திருந்தா பாதி விலை போயிருக்கும்” என்றார். குறிப்பாக, உடலுக்கு மறுபடி பெயின்ட் அடிப்பதுதான் பழைய கிட்டாருக்கு நேரும் பெரிய இழப்பு. நெக்கின் மேல் குறுக்காகப் பதித்திருக்கும் உலோகப் பட்டையான ஃப்ரெட் தேய்ந்திருந்தால், அதை மாற்றுவதால் அந்த அளவுக்குக் குறையாது. பழைய நகையை எடைபோட்டுச் சேதாரம் கழித்து விலை சொல்வதுபோல் இதில் கிராம் கணக்கு எதுவும் இல்லை. எது மாற்றப்படாமல் இருக்கிறது என்பதுதான் எடை.

அவர் எழுதிக் கொடுத்த அறிக்கையில் ஒரு விலை அல்ல, மூன்று விலைகள் இருந்தன. கடைக்கு விற்றால் 55,000 முதல் 60,000 ரூபாய். வாசிப்பவருக்கோ சேகரிப்பவருக்கோ நேரடியாகப் பொறுமையாக விற்றால் 85,000 முதல் 95,000 ரூபாய். தொலைந்துபோய் இதேபோல் ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தால், அனுப்பும் செலவும் சுங்கமும் சேர்த்து 1,20,000 ரூபாய்க்குக் குறையாது. எந்த விலை எதற்கு என்பதற்கு ஓரிரு வரி விளக்கமும் தந்திருந்தார். இணையச் சந்தைகளில் விற்பவர் கேட்கும் விலையைக் கணக்கில் எடுக்காமல், விற்றுமுடிந்த விலைகளை மட்டுமே எடுத்ததாக எழுதியிருந்தது எனக்கு மிகவும் சரியாகப் பட்டது. அந்த இரண்டுக்குமான இடைவெளியை இசைக்கருவிகளை வாங்கி விற்கும் இணையச் சந்தையான ரிவெர்ப் தளத்தில் நானே பிறகு பார்த்துக்கொண்டேன். வெளிநாட்டுக்கு விற்பதாக இருந்தால் மரத்தையும் பார்க்க வேண்டும் என்றார். 1992 முதல் பிரேசில் ரோஸ்வுட் பன்னாட்டு வணிகத்தில் மிகக் கடுமையான கட்டுப்பாட்டுக்குள் இருக்கிறது. சித்தப்பாவின் கிட்டாருக்கு மேப்பிள் நெக் என்பதால் அந்தத் தொல்லை இல்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஒரு வாரம் என்றவர் மூன்று வாரம் எடுத்தார். இடையில் நான்கு முறை அழைத்ததில் ஒருமுறைதான் எடுத்தார். அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில், அதுவும் சுருக்கெழுத்துகளாக இருந்ததால், சித்தப்பாவுக்கு நான் வரிவரியாகப் படித்துப் பொருள் சொல்ல வேண்டியிருந்தது. காப்பீட்டு நிறுவனம் ஏற்கும்படியான முத்திரையோ பதிவெண்ணோ அவரிடம் இல்லை. முதல் வரைவில், கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் ட்யூனிங் கீகள் பின்னால் மாற்றப்பட்டவை என்று எழுதி விலையைக் குறைத்திருந்தார். 1985 திருவிழாவில் கிட்டாருடன் சித்தப்பா நிற்கும் புகைப்படத்தைப் பெரிதாக்கிக் காட்டிய பிறகு, தாம் தவறியதை ஒப்புக்கொண்டு கூடுதல் கூலி இல்லாமல் திருத்திக் கொடுத்தார். படம் கையில் இல்லாதவர்களுக்கு அந்தத் தவறு தவறாகவே நின்றிருக்கும் என்பதையும் நான் நினைக்காமலில்லை.

கணக்கில் வராத ஒரு நன்மையும் கிடைத்தது. இந்த வகை நெக்கில் வளைவைச் சரிசெய்யும் திருகு உடலுக்குள் மறைந்திருக்கும், கழற்றினால்தான் கைக்கு எட்டும். எப்படியும் கழற்றியாயிற்று என்று அதையும் சரிசெய்தே பூட்டியிருந்தார். இப்போது பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேலும் கம்பி இரையாமல் ஒலிக்கிறது.

விற்பதா வேண்டாமா என்று சித்தப்பா இன்னும் சொல்லவில்லை. அறிக்கையில் ‘அசல்’ என்ற பொருள்பட இருக்கும் வரியை மட்டும் பெரிதாக அச்செடுத்துத் தரச் சொல்லி, பழைய கப்பல் நண்பர்கள் இருவரிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தார்.

அங்கே போக நினைப்பவர்கள் கருவியைத் துடைக்காமல், கம்பி மாற்றாமல், இருக்கிறபடியே கொண்டுபோகவும். வீட்டில் பழைய ரசீதோ புகைப்படமோ கிடந்தால் அதையும் சேர்த்துக் கொடுக்கவும். ஞாயிற்றுக்கிழமை பட்டறை கிடையாது. அன்று அவரும் ஒரு பாடகர் குழுவில் பேஸ் வாசிக்கிறார்.