இன்டெலிஜே லாம்டாவுக்கு வைக்கும் பெயர்கள்

யாழ்ப்பாணத்துப் பாசையூரில் மீனை ஏலம் கூறி விற்கிற ஒருவருக்குக் கணக்குச் செயலி ஒன்றைக் கோட்லின் மொழியில் எழுதிக்கொண்டிருக்கிறேன். எட்டு மாதமாக எடிட்டர் இன்டெலிஜே ஐடியாதான், அதுவும் இலவசப் பதிப்பு. அதன் பெரிய வசதிகளைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது ஒரு சின்ன விசயம்: லாம்டா (பெயர் வைக்காமல் அந்த இடத்திலேயே எழுதும் குட்டி ஃபங்ஷன்) ஒன்றைத் தொடங்கியதும் அதன் பராமீட்டர்களுக்கு, அதாவது உள்ளே வரும் மதிப்புகளுக்கு, எடிட்டரே பெயர் வைத்துத் தருவது.

கூடைகளை வரிசை எண்ணோடு சுற்றிவர ஃபோர்ஈச்இன்டெக்ஸ்ட் என்று தட்டினால், முதல் பராமீட்டருக்கு இன்டெக்ஸ் என்ற பெயர் தயாராக நிற்கும். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு போகும் ஃபோல்ட் என்றால் ஆக், அதுவரை சேர்ந்த மதிப்புக்கான சுருக்கப் பெயர். இவை எடிட்டரின் கற்பனை இல்லை. கோட்லினில் ஃபங்ஷன் ரைப் (ஒரு ஃபங்ஷனுக்குள் எந்த வகை மதிப்பு வரும், எது வெளியே போகும் என்ற குறிப்பு) எழுதும்போது, உள்ளே வருகிற மதிப்புகளுக்குப் பெயரும் போடலாம். நூலகத்தை எழுதியவர்கள் அங்கே போட்டு வைத்ததைத்தான் எடிட்டர் எடுத்துத் தருகிறது. ரைப் பொருந்துகிறதா என்று பார்க்கும்போது கொம்பைலர் அந்தப் பெயரைக் கணக்கெடுப்பதே இல்லை. வாசிக்கிற எங்களுக்காகத்தான் அது.

பெயர் போடாத இடத்தில் ரைப்பைப் பார்த்து ஊகிக்கும். ஸ்ட்ரிங் என்றால் எஸ். நானே உருவாக்கிய ஃபிஷ்லொட் என்ற கிளாஸ் என்றால் அதையே சின்ன எழுத்தில் தொடங்கித் தரும், அது நல்ல பெயர்தான். ஆனால் வருகிற இரண்டும் டபிள் (தசம எண்) என்றால் டி, டி1 என்று வந்து நிற்கும். அந்தப் பெயர்களை வைத்து எது நிறை, எது விலை என்று எவராலும் சொல்ல முடியாது.

இதில் நான் ஏற்கெனவே சூடு பட்டவன். இந்தச் செயலியின் முதல் பதிப்பை ஜாவாவில், வேறொரு எடிட்டரில் எழுதினேன். எலக்ட்ரோனிக் தராசு விற்றவர்கள் தங்கள் ஜார் ஃபைலையும் (கொம்பைல் செய்த ஜாவா கிளாஸ் ஃபைல்களின் பொதி) தந்திருந்தார்கள். நிறுத்து முடிந்ததும் அது இரண்டு டபிள்களைத் தரும்: கூடையோடு சேர்த்த நிறை ஒன்று, வெறுங்கூடை நிறை மற்றது. எடிட்டர் தந்த பெயர்கள் ஆர்க்0, ஆர்க்1. ஜாவாவின் கிளாஸ் ஃபைலில் பராமீட்டர் பெயர்கள் இயல்பாகப் பதிவாவதில்லை. 2014இல் ஜாவா 8 வந்தபோது அவற்றையும் சேர்த்து வைக்க ஒரு கொம்பைலர் தெரிவு தந்தார்கள், அதை நாமே கேட்டுப் போட வேண்டும். அப்படிப் போடாமல், சோர்ஸ் கோடும் தராமல் ஜாரை மட்டும் தந்தால் எடிட்டர் பாவம் என்ன செய்யும்? நான் குத்துமதிப்பாக ஒழுங்கை மாற்றிப் பிடித்துவிட்டேன். திரையில் மைனஸ் 38 கிலோ.

கூறுகிற அண்ணை எட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, மீன் எனக்குக் கடனோ, நான் மீனுக்குக் கடனோ?” என்று கேட்டார்.

இப்போது கோட்லினில் தராசுப் பகுதியை நானே சுற்றிக் கட்டி, அந்த ஃபங்ஷன் ரைப்பில் குரொஸ் (கூடையோடு நிறை), ரெயர் (வெறுங்கூடை நிறை) என்று பெயர் போட்டுவிட்டேன். செலவு ஒரு வரிகூட இல்லை. அதன் பிறகு எந்த இடத்தில் லாம்டா திறந்தாலும் அந்த இரண்டு பெயர்களும் தாமாக வந்து உட்காருகின்றன. இந்த ஒன்றுக்காகவே இந்த எடிட்டருக்கு முழுப் புள்ளி கொடுப்பேன்.

இட் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே பராமீட்டர் என்றால் கோட்லினில் பெயரே எழுத வேண்டியதில்லை, இட் என்று உள்ளே பாவிக்கலாம். என்னிடம் படிக்க வரும் தம்பி, “அண்ணை, இந்த இட்டை எங்க டிக்ளேர் பண்ணினனியள்? தேடித் தேடிப் பாத்தன், காணேல்லை” என்றான். லாம்டாவின் தொடக்கத்தில் மங்கலான எழுத்தில் இட் என்றும் அதன் ரைப்பும் தெரிவதைக் காட்டினேன். லாம்டாவுக்குள் லாம்டா வந்து, உள் இட் வெளி இட்டை மறைத்தால் எடிட்டர் எச்சரிக்கையும் தரும். அந்த எச்சரிக்கையைப் பார்த்தும் பெயர் வைக்காமல் போகிறவர்களோடு எனக்குக் கதையில்லை.

வலைப்பக்க வேலைக்கு விஎஸ் கோட் எடிட்டரும் டைப்ஸ்கிரிப்ட் மொழியும். அங்கே மெப் என்று தட்டி அடைப்பைத் திறந்தால் வேல்யூ, இன்டெக்ஸ், அரே என்ற பெயர்கள் குறிப்பாகத் தெரியும், லாம்டாவை நானே தட்ட வேண்டும். எனக்கு அதில் குறையில்லை.

ஆக் மட்டும் இன்னும் பிடிக்கவில்லை. வந்தவுடனே அதன் மேலேயே டோட்டல் என்று தட்டி மாற்றிவிடுகிறேன்.